குலுக்கிப் போட்டு நிறம் எடுப்பது: பாய்க் கோட்டிலிருந்து வீட்டுச் சுவர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சிவப்புப் பூ, ஒரு வெள்ளைப் பூ. இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது திருநெல்வேலிப் பக்கத்தில் எல்லோரும் பார்த்த வழக்கம். பூக்கட்டிப் பார்ப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எந்தப் பூ வந்தால் என்ன முடிவு என்பதை மடிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இரண்டு பொட்டலமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எடுக்கிற கைக்கு அந்தக் காரியத்தில் ஆசையோ பயமோ இருக்கக் கூடாது.

தற்செயலாக நிறம் எடுத்து வடிவமைப்பதற்கும் இந்த மூன்றுதான் அடிப்படை. பாய்க்குக் கோடு போடுகிறவர்கள், கைத்தறியில் கரை வைக்கிறவர்கள், கடை போர்டும் கல்யாணப் பத்திரிகையும் வடிவமைக்கிறவர்கள், வீட்டுக்கு பெயின்ட் தேடிக்கொண்டு இருக்கிறவர்கள், வெப்சைட் செய்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த வழிகாட்டி உதவும். கம்ப்யூட்டர் இருந்தால் அதிலும் செய்யலாம், தாயக்கட்டையிலும் செய்யலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குலுக்கல் தானாக நல்ல நிறத்தைத் தருவதில்லை. நீங்கள் உள்ளே போட்டவை எல்லாம் நல்ல நிறங்களாக இருந்தால், நீங்கள் இதுவரை சேர்த்தே பார்க்காத ஒரு சேர்க்கையை அது எடுத்துத் தரும். ஆகவே இந்த வேலையில் பெரும்பங்கு குலுக்குவதற்கு முன்னால் இருக்கிறது. நான் அதிக நேரம் பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

எதற்காகக் குலுக்க வேண்டும்?

கை பழகிய வழியில்தான் போகும். பல வருடம் வேலை செய்தவர்களுக்கு இது இன்னும் அதிகம். மெரூன் என்றதும் பக்கத்தில் பச்சை, நீலம் என்றதும் பக்கத்தில் வெள்ளை என்று கை தானே எடுத்துவிடும். கேட்டால் ‘அதுதான் பொருத்தம்’ என்போம். அந்தப் பொருத்தத்தில் பாதி பழக்கம். நம் ஆசையைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்திவைக்க ஒரு வழி வேண்டும். ஓவியர்கள் நூறு வருடமாகத் தேடியதும் இதைத்தான்.

எல்ஸ்வொர்த் கெல்லி 1951-இல் பாரிஸில் இருந்தபோது, எண் எழுதிய சீட்டுகளைக் கொண்டு எந்தக் கட்டத்தில் எந்த வண்ணக் காகிதம் வரும் என்று முடிவுசெய்து படங்கள் செய்தார். பிரான்சுவா மொரெல்லே 1960-இல் டெலிபோன் டைரக்டரியை எடுத்துவைத்துக்கொண்டு, எண்கள் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, 40,000 சிறு சதுரங்களுக்கு சிவப்பும் நீலமும் கொடுத்தார்.

நமக்கு அதிகம் பாடம் தருவது ஜெர்மனியில் கொலோன் பேராலயத்துக்கு கெர்ஹார்ட் ரிஷ்டர் செய்த ஜன்னல். 2007-இல் திறக்கப்பட்டது. பழைய கண்ணாடி இரண்டாம் உலகப்போரில் போய்விட்டது. புதிய ஜன்னலில் 11,000-க்கும் மேற்பட்ட சதுரக் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் 9.6 சென்டிமீட்டர். எந்தச் சதுரத்தில் எந்த நிறம் என்பதை கம்ப்யூட்டர் தற்செயலாக ஒதுக்கியது. ஆனால் ஒதுக்கப்பட்ட நிறங்கள் 72 மட்டும்தான், அவையும் அந்தப் பேராலயத்தின் பழைய ஜன்னல்களில் இருந்த நிறங்களை ஒட்டி எடுக்கப்பட்டவை. அதோடு, ஜன்னலின் சில பத்திகள் மற்றப் பத்திகளுக்கு எதிரொளியாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வைக்கப்பட்டன. நிறங்களின் பட்டியல் மனிதன் முடிவு, திருப்பி வைப்பதும் மனிதன் முடிவு, நடுவில் இருக்கும் இடம் மட்டும்தான் தற்செயலுக்கு. இந்தப் பங்கீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருகிற படிகள் எல்லாம் இதன் மேல் நிற்பவை.

முதல் படி: எதைக் குலுக்கக் கூடாது

பாதுகாப்புக்கான நிறங்களில் கை வைக்காதீர்கள். வயரிங், தீயணைப்பு, எச்சரிக்கைப் பலகை போன்றவற்றுக்கு ஏற்கெனவே விதி இருக்கிறது. எழுத்தின் நிறத்தையும் குலுக்க வேண்டாம். பின்னணி என்ன வருகிறதோ அதைப் பார்த்து, எழுத்துக்குக் கருப்பு அல்லது வெள்ளை அல்லது மிக அடர்ந்த ஒரு நிறம் என்று நீங்களே வையுங்கள்.

சடங்கு சம்பந்தப்பட்டதற்கும் எல்லை உண்டு. கல்யாணப் பத்திரிகையில் மூலைக்கு மஞ்சள் தடவுகிற வீடாக இருந்தால், தடவிய மஞ்சள் தெரிகிற வெளிர்ந்த பின்னணிதான் வர வேண்டும். அட்டை முழுவதும் அடர்ந்த மஞ்சளாக வந்து நின்றால் ஆச்சிக்குத் திருப்தி இருக்காது. இந்த மாதிரிக் காரியங்களுக்குக் கருப்பைப் பட்டியலிலேயே சேர்க்காமல் விடுவது நல்லது.

அடுத்தது, நம் பக்கத்தில் யாரும் விட்டுவிடக் கூடாத விஷயம். இங்கே சில நிறச் சேர்க்கைகள் கட்சியைச் சொல்கின்றன, சில சேர்க்கைகள் சாதியைச் சொல்கின்றன. பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் கட்டுகிற வண்ணக் கயிறு எவ்வளவு பெரிய பிரச்சினை என்று தென்மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. அதில் மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்ய வேண்டும் என்ற பரிந்துரையும் இருக்கிறது. உங்கள் சீட்டுக்கு இதெல்லாம் தெரியாது. விளையாட்டு அணியின் பனியன், இளைஞர் மன்றத்து பேனர், பள்ளிச் சுவர், தெருவுக்குப் பொதுவான தண்ணீர்த்தொட்டி இவற்றுக்கு நிறம் எடுக்கும்போது, சேர்ந்து வரக் கூடாத ஜோடிகளை முன்னதாகவே ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஊரைத் தெரிந்த இரண்டு பேரிடமாவது காட்டிக் கேளுங்கள். அந்த ஜோடி வந்தால் அந்தக் குலுக்கல் செல்லாது.

இதே இடத்தில் குலுக்கலுக்கு ஒரு நல்ல பயனும் இருக்கிறது. பள்ளியில் சிவப்பு அணி, நீல அணி என்று பிரிக்கும்போது பிள்ளைகளே தேர்ந்தெடுத்தால் தெரிந்தவனும் சொந்தக்காரனும் ஒரே பக்கம் சேர்வார்கள். சீட்டுப் போட்டுப் பிரித்தால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்துவிடுவார்கள். அணிக்கு எந்த நிறம் என்பதையும் சீட்டிலேயே எடுங்கள்.

இரண்டாம் படி: வேலி கட்டுவது

கம்ப்யூட்டர் திரையில் சாதாரணமாகக் காட்ட முடிகிற நிறங்கள் 1,67,77,216. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 நிலைகள், மூன்றையும் பெருக்கினால் இந்த எண். இதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் பெரும்பாலும் நடுத்தரமான, மங்கிய ஏதோ ஒன்றுதான் வரும். பத்தை எடுத்தால் பத்தும் ஒன்றுக்கொன்று உறவில்லாமல் நிற்கும். இணையத்தில் நிறம் தருகிற பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு ‘இது சரிப்படாது’ என்று விடுகிறவர்கள் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். வேலி இல்லாததுதான் காரணம்.

வேலி என்பது நீங்கள் தேர்ந்தெடுத்த 10 முதல் 15 நிறங்கள். பெயின்ட் கடைக் கார்டில் இருந்து எடுக்கலாம், ஆனால் நம்மைச் சுற்றி அதைவிட நல்ல கார்டு இருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து நிலமும் கொண்ட சீமை இது. பாபநாசத்தில் பஸ் ஏறி உவரி வரை ஒரு நாள் போய்வந்தால் ஒரு பட்டியல் சேர்ந்துவிடும். காலையில் பொதிகை மலையின் நீலம் கலந்த பச்சை. அம்பாசமுத்திரத்து நாற்றங்காலின் மஞ்சள் கலந்த இளம்பச்சை. அதே வயல் அறுப்புக்கு நிற்கும்போது வேறு நிறம். தாமிரபரணி மணல். கோயில் மதிலில் சுண்ணாம்பு வெள்ளையும் காவியும். தெற்கே போகப்போக செம்மண், பனை ஓலையின் சாம்பல் பச்சை, கருப்பட்டியின் பழுப்பு, உவரிக் கடலின் நீலம். மழை பெய்து நனைந்த கரிசலின் கருப்பு வேண்டுமென்றால் வடக்குப் பக்கம் போக வேண்டும்.

எடுக்கும் விதம் முக்கியம். போனில் போட்டோ எடுங்கள், நேர் வெயிலிலும் வேண்டாம், அந்தி வெளிச்சத்திலும் வேண்டாம். காலை எட்டு, ஒன்பது மணி வெளிச்சம் போதும். போட்டோவை நன்றாகச் சுருக்கி மங்கலாக்கி, அதிலிருந்து நிறம் எடுங்கள். ஒரு புள்ளியைத் தொட்டு எடுத்தால் ஒரு இலையின் பளபளப்பு மட்டும் கிடைக்கும், வயலின் நிறம் கிடைக்காது.

பட்டியலில் வெளிர், நடுத்தரம், அடர்த்தி மூன்று வகையும் இருக்க வேண்டும். பன்னிரண்டு நிறம் என்றால் நாலு வெளிர், ஐந்து நடுத்தரம், மூன்று அடர்த்தி என்பது எனக்குப் பிடித்த கணக்கு. எல்லாம் நடுத்தரமாக இருந்தால் எந்தச் சேர்க்கை வந்தாலும் சப்பென்று இருக்கும். எல்லாவற்றையும் கருப்பு வெள்ளை போட்டோவாக மாற்றிப் பாருங்கள். நாலைந்து நிறம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அவற்றில் இரண்டை மாற்றுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு நிறமும் உங்கள் வேலைக்குக் கிடைக்குமா என்று பாருங்கள். நூலாக, சாயமாக, பெயின்டாக வாங்க முடியாத நிறம் வேலிக்குள் இருக்கக் கூடாது. ஃப்ளெக்ஸ் அச்சுக்கு என்றால் இன்னும் கவனம் வேண்டும். திரையில் பளீரென்று தெரிகிற பச்சையும் நீலமும் அச்சில் மங்கிவிடும், ஆகவே பட்டியலை அச்சடித்துப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

குடும்பத்துக்கோ குழுவுக்கோ செய்கிறீர்கள் என்றால் இந்தக் கட்டத்தில் ஆளுக்கு ஒரு ‘வேண்டாம்’ கொடுங்கள். ‘எந்தக் கலர்னாலும் போடுங்க அண்ணாச்சி, அந்த வயலட் மட்டும் வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் அந்தச் சீட்டை வெளியே எடுத்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம். குலுக்கிய பிறகு யாருக்கும் ‘வேண்டாம்’ கிடையாது. வீட்டுக்கு நிறம் பார்ப்பதில் வருகிற சண்டையில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி: பங்கு பிரிப்பது

எடுத்த நிறங்கள் எல்லாம் சம அளவில் வந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிக்கும். ஒன்று பரந்து கிடக்க வேண்டும், ஒன்றிரண்டு அதற்குத் துணையாக, ஒன்று அங்கங்கே மட்டும். சிறிய வேலையாக இருந்தால் பங்கை முதலில் எழுதி, ஒவ்வொரு பங்குக்கும் தனியாகச் சீட்டு எடுங்கள்: பின்னணிக்கு வெளிர்ச் சீட்டுகளில் ஒன்று, தலைப்புப் பட்டைக்கு அடர்ந்த சீட்டுகளில் ஒன்று, சிறு அலங்காரத்துக்கு மிச்சம் இருப்பதில் ஒன்று.

பல கோடுகள், பல கட்டங்கள் உள்ள வேலைக்கு தாயக்கட்டை அருமையான கருவி. பித்தளைக் கட்டையின் நாலு பக்கத்தில் 0, 1, 2, 3 புள்ளிகள். இரண்டு கட்டையையும் உருட்டிக் கூட்டினால் 0 முதல் 6 வரை ஏழு விடைகள் வரும். (ஆட்டத்தில் இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்போம், இங்கே அதைச் சுழி என்றே கொள்ளுங்கள்.) இந்த ஏழும் சமமாக வராது. மொத்தம் 16 சேர்க்கைகளில் கூட்டுத்தொகை 3 நாலு தடவை வரும். 2-ம் 4-ம் மூன்று தடவை. 1-ம் 5-ம் இரண்டு தடவை. 0-ம் 6-ம் ஒரே ஒரு தடவை. ஆகவே 3-க்கு உங்கள் பின்னணி நிறத்தைக் கொடுங்கள், 2, 4-க்குத் துணை நிறங்கள், 0, 6-க்கு எப்போதாவது வந்து கண்ணைப் பிடிக்க வேண்டிய நிறங்கள். பங்கு தானாகவே விழும். கட்டை வளைந்திருந்தாலோ ஒரு பக்கம் தேய்ந்திருந்தாலோ கணக்கு சாயும். சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு கட்டையையும் 80 தடவை உருட்டிப் பாருங்கள், ஒவ்வொரு முகமும் ஏறக்குறைய 20 தடவை வர வேண்டும்.

நான்காம் படி: குலுக்குவது

சீட்டு என்றால் ஒரே காகிதம், ஒரே அளவு, ஒரே மடிப்பு. நிறத்தை எழுதினால் போதும், பெயின்ட் பூசிய சீட்டு விறைப்பாக இருந்து விரலுக்குத் தெரிந்துவிடும். அப்புறம், கலக்குவதில் சோம்பல் படக் கூடாது. 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் ராணுவத்துக்கு ஆள் எடுக்க பிறந்த தேதிகளைக் குப்பிகளில் போட்டுக் குலுக்கினார்கள். மாத வரிசையில் போட்டுவிட்டுச் சரியாகக் கலக்கவில்லை, வருடக் கடைசி மாதங்களில் பிறந்தவர்களின் தேதிகள் அதிகமாக முன்னால் வந்துவிட்டன. ஒரு தேசமே கவனித்துச் செய்த குலுக்கலில் இது நடந்தது. பாத்திரத்தின் அடி வரை கையை விட்டுக் கலக்குங்கள், சீட்டுகளை இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மறுபடியும் கலக்குங்கள்.

கூகுள் ஷீட்டில் செய்கிறவர்கள் நிறங்களுக்கு வரிசை எண் கொடுத்து, ராண்ட்பிட்வீன் (RANDBETWEEN) ஃபார்முலாவில் 1 முதல் 12 வரை என்று கேட்டால் எண் வரும். ஒரு எச்சரிக்கை: ஷீட்டில் நீங்கள் வேறு எந்தக் கட்டத்தைத் திருத்தினாலும் அந்த எண் மாறிவிடும். வந்த உடனே காப்பி செய்து, மதிப்பை மட்டும் பேஸ்ட் செய்துகொள்ளுங்கள்.

பட்டியல் இல்லாமல் எண்களிலிருந்தே புது நிறம் உண்டாக்க வேண்டிய வேலைகளும் உண்டு. ஒரு வரைபடத்தில் பல பகுதிகளுக்கு நிறம் தர வேண்டும், எத்தனை பகுதி என்று முன்னால் தெரியாது. அப்போது சிவப்பு, பச்சை, நீல எண்களைக் குலுக்காமல் நிறங்களை வட்டமாக அடுக்கிய நிறச் சக்கரத்தின் கோணத்தை மட்டும் குலுக்குங்கள். 0 முதல் 359 வரை ஒரு கோணம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு அடுத்த நிறத்துக்கும் 137.5 பாகை கூட்டிக்கொண்டே போங்கள், 360-ஐத் தாண்டினால் கழித்துவிடுங்கள். 20-இல் தொடங்கினால் 157.5, 295, 72.5, 210 என்று வரும்: செம்மஞ்சள், கடல்பச்சை, ஊதா, மஞ்சள்பச்சை, நீலம். எத்தனை சேர்த்தாலும் சக்கரத்தில் காலியாக இருக்கும் இடைவெளியில்தான் புதியது போய் விழும். தொடக்கம் மட்டும் தற்செயல், மற்றது கணக்கு.

இதில் செறிவையும் வெளிச்சத்தையும் மாறாமல் வைக்கச் சொல்வார்கள். நிறத்தைக் கோணம், செறிவு, வெளிச்சம் என்ற மூன்று எண்களால் சொல்கிற எச்.எஸ்.எல். (HSL) முறையில் அப்படி வைத்தால் ஏமாந்துபோவோம். அந்த முறையில் முழுச் செறிவுள்ள மஞ்சளுக்கும் நீலத்துக்கும் வெளிச்சம் 50 என்றே இருக்கும். ஆனால் அந்த மஞ்சளில் வெள்ளை எழுத்து கண்ணுக்கே தெரியாது, நீலத்தில் தெளிவாகத் தெரியும். பியோர்ன் ஒட்டோசன் 2020-இல் வெளியிட்ட ஓகேலேப் முறை கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை ஒட்டிக் கணக்குப் போடுகிறது. அதன் கோண வடிவமான ஓகேஎல்சிஎச்-ஐ (OKLCH) இப்போதைய பிரவுசர்கள் நேரடியாகவே ஏற்கின்றன. வெப்சைட் வேலை செய்கிறவர்கள் அதையே பயன்படுத்துங்கள்.

ஐந்தாம் படி: கொத்துக்கொத்தாக விழுவதைச் சமாளிப்பது

தற்செயல் என்றால் நன்றாகக் கலந்து, பரவலாக வரும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். உண்மையில் அது கொத்தாகத்தான் விழும். 12 சீட்டில் ஒன்றை எடுத்து, எழுதிக்கொண்டு, மறுபடி உள்ளே போட்டு, இப்படி ஐந்து தடவை எடுத்தால் ஏதாவது ஒரு நிறம் இரண்டாம் முறை வருவதற்கு 62 சதவீத வாய்ப்பு. வந்த சீட்டைத் திரும்பப் போடாமல் எடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை. எந்த முறை என்பதை முதலிலேயே முடிவுசெய்யுங்கள்.

இதை ஒரு பாயை வைத்தே பார்க்கலாம். பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையை நனைத்து, காயவைத்து, கிழித்து, சாயம் ஏற்றி நெய்கிறார்கள். பாவு நூலின் குறுக்கே கோரை ஒவ்வொன்றாகப் போகிறது, கோரையின் நிறம் மாறினால் கோடு மாறும். முன்பெல்லாம் சிவப்புக்கு பதிமுகம் என்கிற சப்பான் மரக்கட்டையைக் கொதிக்கவைத்துச் சாயம் எடுத்தார்கள். கோடு கோடாக வளர்கிற பொருள் என்பதால் குலுக்கலுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

ஆறடி நீளப் பாய் ஒன்றுக்கு 48 கோடு என்று வைத்துக்கொள்வோம். ரிஷ்டர் செய்ததுபோல் பாதியை மட்டும் குலுக்குவோம்: 24 கோடு. மறு பாதி அப்படியே திரும்பி வரும். கையில் இருக்கும் சாயக்கோரையின் அளவைப் பார்த்துச் சீட்டு எழுதுங்கள். சாயம் ஏற்றாத கோரை 7, சிவப்பு 6, பச்சை 5, கருப்பு 3, மஞ்சள் 2, ஊதா 1. கூட்டினால் 24. எடுத்த சீட்டைத் திரும்பப் போடாதீர்கள். அப்படிச் செய்தால் எந்தக் கட்டிலும் கோரை குறையாது, ஊதா பாயின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முறை வந்து நிற்கும்.

ஆனால் அளவு சரியாக வந்தாலும் கொத்து போகாது. இந்தக் கணக்கில் சராசரியாக நாலு இடத்தில் ஒரே நிறம் அடுத்தடுத்து வரும். இரண்டு வழி இருக்கிறது. ஒரே நிறம் தொடர்ந்து வந்தால் இரண்டாவதை அதற்கு அடுத்த கோட்டோடு இடம் மாற்றுங்கள். அல்லது சேர்ந்து வந்ததை ஒரே அகலக் கோடாக அப்படியே விடுங்கள். நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். அகலமும் குறுகலுமாக வருகிற அந்த ஏற்ற இறக்கம்தான் பாய்க்கு உயிர் தருகிறது, கையால் யோசித்து வைத்தால் அப்படி வராது. மூன்று சேர்ந்து வந்தால் மட்டும் மாற்றுங்கள்.

கோட்டின் அகலத்துக்கு ஒற்றைத் தாயக்கட்டை. 1 விழுந்தால் ஒரு விரல், 2 என்றால் இரண்டு, 3 என்றால் மூன்று. வெறுமை விழுந்தால் மறுபடி உருட்டுங்கள். சராசரி இரண்டு விரல், விரலுக்கு முக்கால் அங்குலம் என்றால் 48 கோட்டுக்கு 72 அங்குலம், ஆறடி. உருட்டலைப் பொறுத்து அரை அடி கூடவோ குறையவோ வரலாம், அதை இரண்டு ஓரத்துக் கரையில் சரிக்கட்டிக்கொள்ளுங்கள். நெய்வதற்கு முன் நிறக் காகிதத்தை வெட்டி ஒட்டி முழுப் பாயையும் சிறிதாகப் பார்த்துவிடுங்கள். நெய்கிறவரிடம் அந்தக் காகிதத்தைக் கொடுத்தால் போதும். அவர் ‘இந்தக் கருப்பு இங்க வேண்டாம்’ என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள், கோரை காய்ந்த பிறகு நிறம் எப்படி இறங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

வீரவநல்லூர்ப் பக்கத்துக் கைத்தறியில் கட்டம் போடவும் இதே முறைதான். பாவுக்கு ஒரு குலுக்கல், ஊடைக்கு ஒரு குலுக்கல். இரண்டும் சந்திக்கிற இடத்தில் மூன்றாவது நிறம் ஒன்று தோன்றும் என்பதை மட்டும் முன்னால் சிந்தித்துக்கொள்ளுங்கள். பச்சையும் சிவப்பும் சந்தித்தால் பழுப்பு.

ஆறாம் படி: எத்தனை தடவை?

பிடிக்கிற வரைக்கும் குலுக்கிக்கொண்டே இருந்தால் பழைய பழக்கமே சுற்றி வந்து ஜெயித்துவிடும். மூன்று குலுக்கல் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள், மூன்றில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். ஒரு குலுக்கல் செல்லாது என்று தள்ள வேண்டுமென்றால் முன்பே எழுதிவைத்த காரணம் இருக்க வேண்டும்: விலக்கிய ஜோடி, எழுத்து படிக்க முடியாமை, பொருள் கிடைக்காமை. ‘மனசுக்குப் பிடிக்கவில்லை’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை. வந்ததை ஓர் இரவு விட்டு, காலையில் மறுபடி பாருங்கள்.

எழுத்துக்கான சோதனை எண்ணாகவே இருக்கிறது. உலகளவில் இணையத்துக்கான அணுகல் விதிகளின்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. நிறங்களைக் கொடுத்தால் கணக்கிட்டுச் சொல்கிற இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய. மஞ்சளில் வெள்ளை எழுத்து 1.07 மட்டும்தான், நீலத்தில் வெள்ளை 8.59. கடை போர்டுக்கு இது சட்டம் கிடையாது, ஆனாலும் ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிக்க வேண்டிய எழுத்துக்கு 4.5-க்குக் கீழே போகாதீர்கள். சிவப்பும் பச்சையும் வேறுபடுத்திப் பார்க்க முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக உண்டு என்பதால், அந்த இரண்டையும் ஒரே அடர்த்தியில் பக்கத்தில் வைத்து அதில் ஒரு தகவலைச் சொல்லக் கூடாது.

ஏழாம் படி: வெயிலில் வைத்துப் பார்ப்பது

வீட்டு வெளிச்சுவருக்கு நம் ஊர் வெயில்தான் கடைசி நீதிபதி. அடர்ந்த நிறம் வெப்பத்தை உறிஞ்சும், மேற்குச் சுவரில் அது வந்தால் இரவு வரை அறை கொதிக்கும். ஆகவே மேற்குச் சுவருக்கும் மொட்டைமாடிக்கும் வெளிர்ச் சீட்டுகளை மட்டும் தனிப் பாத்திரத்தில் போட்டுக் குலுக்குங்கள். அடர்ந்தவற்றைத் தூண், ஜன்னல் விளிம்பு, வெயில் குறைவான வடக்குச் சுவர் இவற்றுக்கு வையுங்கள். காவி, செங்கல் சிவப்பு, மண் மஞ்சள் போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் பல வருடம் தாங்கும். பளீர் சிவப்பு, பளீர் மஞ்சள், ஊதா இவற்றில் பல சீக்கிரம் வெளுக்கும். கடைக்காரரிடம் ‘இது வெளிச்சுவருக்குத் தாங்குமா’ என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுவிட்டுத்தான் வேலிக்குள் சேர்க்க வேண்டும். அடர்ந்த நிறங்களுக்கு விலை பெரும்பாலும் கூடுதல், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்ந்த சேர்க்கையைச் சிறு டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அளவில், நிறங்கள் ஒன்றையொன்று தொடும்படி அந்தச் சுவரிலேயே பூசுங்கள். கார்டில் பார்த்ததைவிடச் சுவரில் நிறம் பளிச்சென்று தெரியும். காலை, உச்சி வேளை, இரவில் தெருவிளக்கு மூன்றிலும் பாருங்கள். எதிர்வீட்டு நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள், அவர்கள் தினமும் பார்க்கப்போவது உங்கள் சுவரைத்தான்.

எட்டாம் படி: குறித்துவைப்பது

எந்தப் பட்டியல், எந்த முறை, எந்தத் தேதி, மூன்று குலுக்கலிலும் என்ன வந்தது, ஏன் இதை எடுத்தோம் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கம்ப்யூட்டரில் நிரல் எழுதிச் செய்தால் தொடக்க விதை எண்ணைக் குறித்துவையுங்கள், அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை மறுபடி வரும். ஊர்க் காரியமாக இருந்தால் குலுக்கும்போது உடன் இருந்த இரண்டு பேரின் கையெழுத்தையும் வாங்குங்கள், பின்னால் யாரும் ‘அவங்க ஆளுக்குப் பிடிச்ச கலரைப் போட்டுட்டாங்க’ என்று சொல்ல முடியாது. சாயம் என்றால் எந்தச் சரக்கு, எத்தனை கிராம், எவ்வளவு நேரம் கொதித்தது என்று எழுதி, ஒரு சாண் கோரையையோ நூலையோ அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். பெயின்ட் என்றால் கடை மிஷின் தந்த நிற எண்ணையும் டப்பாவில் உள்ள பேட்ச் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். அதே எண்ணில் வாங்கினாலும் பேட்ச் மாறினால் நிறம் கொஞ்சம் மாறும், அதனால் முழுச் சுவருக்கும் தேவையானதை ஒரே தடவையில் வாங்கி, அரை லிட்டர் மிச்சம் வைத்து, மூடியில் எண்ணை எழுதி, இறுக்கி மூடி, நிழலில் வையுங்கள்.